பிள்ளையைக் கதைக்க விடுங்கோ

கோப்பாயில் பயிற்சியை முடித்துக்கொண்டு முதன்முதலாகத் தரம் 1 வகுப்பைப் பொறுப்பெடுக்கும் தம்பி, தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். வலிகாமத்திலும் தீவகத்திலும் ஆரம்ப வகுப்புகளிலேயே என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போயிற்று. பிறகு ஆசிரிய ஆலோசகராகி, மற்றவர்களின் வகுப்புகளில் பின்வாங்கில் இருந்து பார்த்தேன். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று பாடத்திட்டம் நான்கு திறன்களை வரிசையாகச் சொல்கிறது. பின்வாங்கில் இருந்து பார்த்தால் வகுப்பில் நடப்பது மூன்றாவதும் நான்காவதும்தான். முதலிரண்டும் தன்பாட்டில் வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம்.

இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. விசயதசமியன்று ஏடு தொடக்கும்போதே பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிற ஊர் இது. கொப்பியில் எழுத்து நிறைந்திருந்தால்தான் படிப்பு நடக்கிறது என்று தாய் தகப்பன் நம்புவார்கள். கதைத்ததற்குக் கொப்பியில் அடையாளம் இருக்காது. ஆனாலும் வாசிப்பும் எழுத்தும் ஏறி நிற்கிற அத்திவாரம் அந்தக் கதைதான். கீழே சொல்வதை அந்த எண்ணத்தோடு வாசியுங்கள்.

1. பிள்ளை மொழியோடுதான் வருகிறது

ஐந்து வயதில் படலையைத் தாண்டி வருகிற பிள்ளை, தமிழின் பெரும்பகுதியை வீட்டிலேயே பழகி முடித்துவிடுகிறது. தன் கையில் இருப்பதை ‘இது’ என்றும், உங்கள் பக்கத்தில் இருப்பதை ‘உது’ என்றும், இருவருக்கும் எட்ட இருப்பதை ‘அது’ என்றும் பிசகாமல் சொல்லும். தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்துபோன அந்த உகரச் சுட்டை எங்கள் பிள்ளை மண் விளையாடும்போதே கற்றுக்கொள்கிறது. தங்கச்சியோடு ‘நீ’, மாமாவோடு ‘நீங்கள்’. இரண்டுக்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒன்று இருப்பதும், அதை யார் யாருக்குச் சொல்வது என்பதும் அதற்குத் தெரியும். பேராசிரியர் சுசீந்திரராஜா போன்ற மொழியியலாளர் கட்டுரை எழுதி விளக்கிய நுட்பங்கள் இவை. தரம் 1 பிள்ளை இவற்றை நாள் முழுக்கப் பாவிக்கிறது.

சிங்கப்பூர்த் தமிழ் ஆசிரியர்களின் நிலைமை வேறு. அங்கே பல வீடுகளில் ஆங்கிலம்தான் புழங்குகிறது. அதனால் 2005 இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மீளாய்ந்த குழு, பேச்சுத் தமிழையே பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நமக்கு அந்தச் சுமை இல்லை. பேச்சுத் தமிழ் வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தானாக உள்ளே வருகிறது. அதை வெளியே அனுப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

2. விடை தெரியாத கேள்வியைக் கேளுங்கள்

நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். மற்றவற்றை மறந்தாலும் பரவாயில்லை.

வழமையான வகுப்பு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் அப்பிள் படத்தைத் தூக்கிப் பிடிப்பார். “இது என்ன?” வகுப்பு முழுவதும் ஒரே குரலில், இழுத்து, “அப்...பிள்!” “என்ன நிறம்?” “சிவ...ப்பு!” உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. படத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். விடை ஆசிரியருக்குத் தெரியும். அது ஆசிரியருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பிறகு ஏன் சொல்ல வேண்டும்? பிள்ளை பரீட்சைக்கு விடை சொல்கிறதே தவிர உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இனி, மார்கழி மழை அடித்துப் பெய்த மறுநாள் காலை பிள்ளைகளைப் பாயில் வட்டமாக இருத்திக் கேட்டுப் பாருங்கள்: “ராத்திரி மழைக்கு உங்கடை வீட்டிலை என்ன நடந்தது?” இப்படி ஒரு விடை வரும்:

“கோழிக்கூட்டுக்கை வெள்ளம் வந்திட்டுது ரீச்சர். அப்பா கோழியெல்லாத்தையும் குசினிக்கை கொண்டந்து விட்டவர். ஒரு கோழி போய் அம்மான்ரை அரிசிப் பானைக்கு மேலை ஏறி இருந்திட்டுது.”

மூன்றே வசனம். அதற்குள் காரணம் இருக்கிறது, நடந்த ஒழுங்கு இருக்கிறது, இடம் இருக்கிறது, கடைசியில் சிரிப்பும் இருக்கிறது. தரம் 5 இல் கட்டுரை எழுதும்போது இவை எல்லாவற்றையும் கேட்கப்போகிறோம். கேள்வி கேட்ட உங்களுக்கு விடை தெரியாது. ஆகவே பிள்ளை உங்களுக்கு விளங்கும்படி சொல்லியாக வேண்டும். பேச்சுத் திறன் வளர்வது அந்தத் தேவையில்தான்.

குருநகர்ப் பிள்ளையிடம் வலையில் என்னென்ன மீன் பட்டது என்று கேளுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியாத மீன்கள் வரும். புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை வெங்காயம் கிண்டுகிற நாளில் வீட்டில் யார் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லும். தை மாதம் வல்வெட்டித்துறையில் பட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு பாடம் எடுக்க முடியாது. எந்தப் பட்டத்துக்கு எப்படி விண் பூட்டுவது, எந்தக் காற்றுக்கு எது ஏறும் என்று ஆறு வயதுப் பெடியன் உங்களுக்குப் பாடம் எடுப்பான். கேட்டுக்கொண்டிருங்கள். அந்த நேரம் அவன் ஆசிரியன், நீங்கள் மாணவர். இதில் ஆசிரியத் தொழிலுக்கு ஒரு குறைவும் வராது.

வீட்டு விஷயம் கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். “அப்பா என்ன வாங்கித் தந்தவர்?” என்ற கேள்வி சில பிள்ளைகளை வெட்டும். தகப்பன் இல்லாத வீடுகள் இந்த மண்ணில் கொஞ்சநஞ்சமல்ல. தாய் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோடு வளர்கிற பிள்ளைகளும் உண்டு. மழை, நாய், பட்டம், சந்தை, கோயில் திருவிழா என்று எல்லோருக்கும் பொதுவானதில் தொடங்குங்கள். அதற்கு மேல் எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

டில்லிக் கல்வியாளர் கிருஷ்ணகுமார், குழந்தையின் மொழியையும் ஆசிரியரையும் பற்றி 1986 இல் ஒரு சிறு கைநூல் எழுதினார். வாசிப்பு, எழுத்து என்பவற்றுக்குக் கொடுத்த இடத்தைப் பேச்சுக்கும் கொடுத்து எழுதிய நூல் அது. தேடி வாசியுங்கள். தடித்த கல்வியியல் புத்தகங்கள் பலவற்றை விட உதவும்.

3. கேட்டுவிட்டுப் பொறுங்கள்

அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற விஞ்ஞானக் கல்வி ஆய்வாளர் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து நேரம் கணக்கிட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடியளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் விடை வராவிட்டால் தாங்களே சொன்னார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போனார்கள். காத்திருப்பை 3 வினாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன. வழமையாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். 1970களில் வெளிவந்த முடிவு இது. பாடசாலைக்குக் காசு செலவில்லாத சீர்திருத்தம் இதைப்போல் வேறொன்று எனக்குத் தெரியாது.

3 வினாடி சின்னதாகத் தெரியும். வகுப்பில் நின்று பார்த்தால்தான் அதன் நீளம் விளங்கும்.

4. வாயில் இருக்கும் சொல்லைப் பிடுங்காதீர்கள்

ஒரு பிள்ளை ஓடி வந்து, “ரீச்சர், நான் நேற்று அம்மம்மா வீட்டை போனனான், அங்கை மூண்டு ஆட்டுக்குட்டி நிண்டது” என்கிறது. “மூண்டு இல்லை, மூன்று. எங்கே, திரும்பச் சொல்லு பார்ப்பம்” என்கிறார் ஆசிரியர். பிள்ளை திரும்பச் சொல்லும். ஆட்டுக்குட்டியின் கதை அதோடு முடிந்துவிடும். நாளைக்கு அது ஓடி வராது.

நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “மூன்று ஆட்டுக்குட்டியோ! மூன்றும் என்ன நிறம்?” பிள்ளையின் காதில் ‘மூன்று’ விழுந்துவிட்டது, கதையும் அறவில்லை. இப்படி ஒரு தவணை போகட்டும். எழுதுகிற நேரம் வரும்போது ‘மூன்று’ தெரிந்த சொல்லாக இருக்கும்.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுக்கக்கூடாது. கட்டாயம் வேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம் தமிழில் பெரியது. அந்தத் தூரத்தைக் கடக்க வைப்பதற்குத்தான் பள்ளிக்கூடம் இருக்கிறது. கேள்வி எல்லாம் எந்த வழியால் என்பதுதான். பிள்ளை தன் கதையைச் சொல்லும்போது அதன் தமிழ் அதனுடையது. நீங்கள் கதை சொல்லும்போதும், பாட்டுப் பாடும்போதும், புத்தகம் வாசித்துக் காட்டும்போதும் வருவது எழுத்துத் தமிழாக இருக்கட்டும். இரண்டையும் கேட்டு வளர்கிற பிள்ளை எது எங்கே என்று தானே பிரித்துக்கொள்ளும். கோயிலில் ஐயரோடு கதைக்கிற மாதிரிப் பெடியனோடு கதைக்கக் கூடாதென்று ஒருவரும் அதற்குப் பாடம் எடுக்கவில்லையே.

உச்சரிப்பு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘காற்று’, ‘நேற்று’ என்ற சொற்களில் வரும் ‘ற்ற’வை நம் பிள்ளைகள் அழகாகச் சொல்வார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் அது ‘காத்து’, ‘நேத்து’ ஆகிவிட்டது. ஆனால் ‘ழ’ நம்மிடம் ‘ள’வாகப் போய்விட்டது. ‘வாளைப்பளம்’ என்று பிள்ளை சொன்னால் அது பிள்ளையின் பிழையல்ல. தகப்பனும் அப்படித்தான் சொல்கிறார், அதிபரும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார். ஆகவே ‘ழ’வை ஒரு விளையாட்டாகத் தனியே வைத்துப் பழக்குங்கள்: நாக்கைப் பின்னுக்கு மடித்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துச் சிரித்து, ஐந்து நிமிடம். கதை நடுவில் அதைக் கொண்டுவந்து குறுக்கே விடாதீர்கள். திக்கித் திக்கிப் பேசுகிற பிள்ளை என்றால் ஒன்றையும் திருத்தவே வேண்டாம். சொல்லி முடிக்கும் வரை அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

5. “முழு வசனத்தில் சொல்லு” என்று சொல்லாதீர்கள்

“எங்கை போறாய்?” என்று கேட்டால் உலகத்தில் எவரும் “நான் கிணற்றடிக்குப் போகிறேன்” என்று எழுவாய் பயனிலையோடு சொல்வதில்லை. “கிணத்தடிக்கு” என்பார்கள். நீளமான விடை வேண்டுமென்றால் நீளமான விடை தேவைப்படுகிற கேள்வியைக் கேளுங்கள்.

6. பாட்டைப் பாடிவிட்டு நிறுத்தாதீர்கள்

பிள்ளைப் பாட்டில் யாழ்ப்பாணத்துக்கு நல்ல முதுசம் உண்டு. 1935 இலேயே வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் ‘பிள்ளைப்பாட்டு’ என்று ஒரு தொகுப்பை வெளியிட்டது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும், தாடி அறுந்த வேடனையும் பாட்டாக்கினார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அவர். பிள்ளையின் கண் எதில் போய் நிற்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தோட்டத்தில் வெருளியைக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பாட்டில் விளக்கவேண்டியது ஒன்றும் இல்லை.

இன்றைய பிள்ளை கைத்தொலைபேசியில் ஆங்கிலப் பாட்டும், தமிழ்நாட்டுக் கார்ட்டூன் தமிழும் கேட்டுக்கொண்டு வருகிறது. அதற்காக மூக்கால் அழ வேண்டாம். நம் பாட்டையும் கொடுங்கள். முக்கியமாக, பாட்டு முடிந்ததும் கதை தொடங்கட்டும். ஆடி முதலாம் திகதியை ஒட்டி ஆடிப்பிறப்புப் பாட்டைப் பாடினால், அன்றைக்கே ஒரு தாயைப் பிடித்து வகுப்பில் கூழ் காய்ச்சச் செய்யுங்கள். மா வறுக்கிற மணம் எப்படி, சூடு எப்படி, யாருடைய வீட்டில் என்ன போட்டுக் காய்ச்சுவார்கள், கொழுக்கட்டையின் ஓரத்தை யார் வடிவாகப் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்துக்கும் அது கணக்காகும். இல்லாவிட்டால் பாட்டு வெறும் பாடமாக்கலாகப் போய்விடும். கடைசி வரி வரை பிழையில்லாமல் பாடுகிற பிள்ளைக்கு நடு வரியின் கருத்துத் தெரியாது.

7. கதையைச் சொல்லுங்கள், வாசிக்காதீர்கள்

குஜராத்தின் பாவ்நகரில் கிஜுபாய் பதேக்கா என்றொருவர் இருந்தார். வழக்கறிஞராக இருந்தவர், அதை விட்டுவிட்டுச் சிறுவர் பள்ளி நடத்த வந்தவர். 1920 இல் அங்கே பாலமந்திர் தொடங்கினார். அவர் எழுதிய ‘பகற்கனவு’ தமிழிலும் இருக்கிறது. ஒரு ஆசிரியர் நான்காம் வகுப்பொன்றைப் பரீட்சார்த்தமாக ஏற்று என்ன செய்கிறார் என்பதுதான் கதை. அவர் பாடப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே கதை சொல்லத் தொடங்குகிறார். பயிற்சிக் கலாசாலையில் இந்தப் புத்தகம் உங்கள் கையில் கிடைக்காதிருந்தால் இப்போது வாங்குங்கள்.

கதை சொல்லும்போது புத்தகத்தை மூடி வையுங்கள். உங்கள் கண் பிள்ளைகளின் முகத்தில் இருக்க வேண்டும். நரி பேசும்போது நரியின் குரலில் பேசுங்கள். வெட்கப்படுகிறவர்கள் ஆரம்பப் பிரிவுக்கு வரக்கூடாது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள், சொல்லுங்கள். ஐந்தாம் முறை சொல்லும்போது அடுத்த வசனம் அவர்களின் வாயிலிருந்து வரும். ஆறாம் முறை ஒரு பிள்ளை எழுந்து தானே சொல்லும்.

கதை முடிந்ததும் “இந்தக் கதையிலிருந்து நாங்கள் படிக்கும் பாடம் என்ன?” என்று கேட்கிற பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. விட்டுத் தொலையுங்கள். “நரிக்குப் பதிலாக நீ நின்றிருந்தால் என்ன செய்திருப்பாய்?” என்று கேளுங்கள், போதும்.

பிள்ளைகளின் சொந்தக் கதைக்கும் இடம் வேண்டும். சிக்காகோவில் சிறுவர் வகுப்பு ஆசிரியையாக இருந்த விவியன் பேலி ஒரு வழி வைத்திருந்தார். பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்ன சொல்லிலேயே அவர் எழுதுவார். பிறகு அன்றைக்கே அந்தக் கதையை வகுப்பு நடித்துக் காட்டும். நியூசிலாந்தில் மயோரிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் பிள்ளை கேட்கிற சொல்லையே மட்டையில் எழுதிக் கொடுத்து வாசிப்பைத் தொடங்கினார். இரண்டும் யாழ்ப்பாணத்தில் செய்யக்கூடியவைதான். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். தன் வாயிலிருந்து வந்தது எழுத்தாக நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு வாசிப்பு எதற்கு என்று விளக்கத் தேவையில்லை.

8. நாடகம் என்றால் உடுப்பும் ஒப்பனையும் என்று நினைக்காதீர்கள்

1978 இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’, ‘முயலார் முயல்கிறார்’ என்று சிறுவர்களுக்கு நாடகம் எழுதினார். சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ம் அந்த வழியில் வந்ததுதான். அந்த நாடகங்களில் பிள்ளைகள் ஓடுவார்கள், பாடுவார்கள், மரமாகவும் ஆறாகவும் நிற்பார்கள். எழுதிய வசனத்தை ஒப்புவிக்கிற நாடகத்திலிருந்து அவை வெகுதூரம்.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது இன்னும் சின்னது. இரண்டு வாங்கை இழுத்துப் போட்டு அதைத் திருநெல்வேலிச் சந்தையாக்குங்கள். பூவரசம் இலை காசு, மண்கட்டி கிழங்கு. “கத்தரிக்காய் கிலோ என்ன விலை?” “இருநூறு.” “அம்மாடி, குறையுங்கோ!” வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். விலை பேசுகிற கலையில் சில பிள்ளைகள் உங்களை வென்றுவிடும். மரியாதைச் சொல், கேள்வி, மறுப்பு, கெஞ்சல், நன்றி எல்லாம் அந்த ஒரு விளையாட்டில் வரும். கணிதமும் வரும்.

9. மேடைப் பேச்சை வேறாக வையுங்கள்

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் ஆறுமுக நாவலர் தன் முதற் பிரசங்கத்தைச் செய்தார். மிசனரிமாரிடமிருந்து கற்ற முறையைச் சைவத்துக்குத் திருப்பிய துணிச்சல் அது. அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலை, பின்னர் படிமுறையான பாலபாடங்கள். அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பேச்சு என்றால் மேடை. கோயிலில் பிரசங்கம், பட்டிமன்றம், பரிசளிப்பு விழாவில் அதிபர் உரை. நல்ல பேச்சாளருக்கு இந்த ஊர் கொடுக்கிற மரியாதை எனக்குப் பிடித்தமானதுதான்.

ஆனால் அந்த மேடையை ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோம். தமிழ்மொழித் தினப் போட்டி, வாணி விழா, ஒளி விழா என்று வந்துவிட்டால் ஆசிரியரோ தகப்பனோ பேச்சை எழுதுகிறார். அவையோருக்கு வணக்கம் சொல்லித் தொடங்குவதிலிருந்து கையை எங்கே உயர்த்துவது என்பது வரை சொல்லிக் கொடுக்கிறார். பிள்ளை பாடமாக்குகிறது. நடுவில் ஒரு சொல் தவறினால் பேச்சு முழுவதும் நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் பிள்ளையுடையது அல்ல. அடுத்த பேச்சுக்காரப் பிள்ளையின் தாய் கீழே இருந்து வாயசைத்துக்கொண்டிருப்பார். வகுப்பில் மிச்சம் இருக்கும் பிள்ளைகளோ பேச்சு என்பது கெட்டிக்காரப் பிள்ளைக்கு உரியது, தங்களுக்கு அல்ல என்று அன்றைக்கு முடிவுகட்டிவிடுகிறார்கள்.

போட்டிக்குப் பிள்ளையை அனுப்பாமல் இருக்க உங்களால் முடியாது. அதிபர் விடமாட்டார். அனுப்புங்கள். ஆனால் பேச்சை எழுதுவதற்கு முன் பிள்ளையோடு கதையுங்கள். தலைப்பு ‘பனை’ என்றால் பிள்ளைக்குப் பனையைப் பற்றி என்ன தெரியும் என்று கேளுங்கள். பனம்பழம் விழுகிற சத்தம், பனங்காய்ப் பணியாரம், கிழங்கு கிண்டின நாள் என்று வரும். அதையே ஒழுங்குபடுத்துங்கள். கற்பகதரு என்று தொடங்கும் தேய்ந்த வசனங்களை விட்டுவிடுங்கள். நடுவர்களாக இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சொந்தச் சொல்லில் தட்டுத்தடுமாறிப் பேசுகிற பிள்ளைக்குப் புள்ளி கொடுக்கப் பழகுங்கள். நீங்கள் எதற்குப் புள்ளி கொடுக்கிறீர்களோ அதைத்தான் ஆசிரியர்கள் அடுத்த வருடம் தயாரித்து அனுப்புவார்கள்.

10. கதைக்காத பிள்ளையை முதலில் காதிலிருந்து பாருங்கள்

ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். வெட்கம் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். பின்னால் நின்று மெல்லப் பெயரைக் கூப்பிட்டுப் பாருங்கள். அடிக்கடி சளி, காதில் சீழ் என்றால் கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். தரம் 1 இல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள். அப்போது உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள். தாயிடமும் சொல்லி வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

காது நல்லதென்றால், வீட்டில் கதைக்கிறதா என்று அம்மம்மாவிடம் விசாரியுங்கள். வீட்டில் வாய் ஓயாமல் கதைத்து வகுப்பில் மட்டும் ஊமையாக இருக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களை எழுப்பி முன்னுக்கு நிறுத்துவதைப் போல் கொடுமை வேறில்லை. இன்னொரு பிள்ளையோடு சோடியாக விடுங்கள், கையில் ஒரு வேலை கொடுங்கள்: கொக்கான் கல் பொறுக்க, கன்றுக்குத் தண்ணீர் விட. கை வேலை செய்யும்போது வாய் தன்பாட்டில் திறக்கும். போர்க்காலத்தில், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு மரங்களுக்குக் கீழ் வகுப்பு நடந்த நாட்களில், பேச்சே இல்லாமல் போன பிள்ளைகளை நாங்கள் நிறையக் கண்டோம். அவர்களில் பலரைக் கேள்வி கதைக்க வைக்கவில்லை. விளையாட்டும் பக்கத்தில் இருந்த இன்னொரு பிள்ளையுமே கதைக்க வைத்தன.

11. ஆங்கிலமும் சிங்களமும்

1999 இல் நாடு முழுவதும் வந்த சீர்திருத்தம், தரம் 1, 2 வகுப்புகளில் புத்தகம் இல்லாமல் செயற்பாட்டோடு வாய்மொழியாக ஆங்கிலம் பழக்கச் சொன்னது. நல்ல யோசனை. நடைமுறையில் அது காலையில் எழுந்து நின்று இழுத்துச் சொல்கிற ‘குட்... மோர்...னிங் ரீச்...சர்’ ஆகச் சுருங்கிவிட்டது. உங்கள் ஆங்கிலம் குறைவென்று கூச்சப்படத் தேவையில்லை. கதவைத் திற, வரிசையில் நில், பந்தை எறி என்பவற்றை ஒரு குறிப்பிட்ட விளையாட்டு நேரத்தில் ஆங்கிலத்தில் மட்டும் சொல்லுங்கள். பிள்ளை செய்து காட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தம். வாயால் சொல்வது பிறகு வரும். சிங்களத்துக்கும் இதே வழிதான், காதில் விழ வாய்ப்பு இன்னும் குறைவு என்பது மட்டும் வித்தியாசம். தாய்மொழியில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அடுத்த மொழியில் சொல்ல ஏதாவது இருக்கும் என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

12. சத்தத்துக்குப் பயப்படாதீர்கள்

கதைக்கிற வகுப்பு சத்தம் போடும். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். அதிபர் வந்து நிற்பார். அவரையும் பாயில் இருத்தி ஒரு பிள்ளையிடம் கதை கேட்க வையுங்கள். தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாளில் பிள்ளை வாய் திறக்க வேண்டிய இடம் ஒன்றும் இல்லை என்பது உண்மை. அதனால் தரம் 3 தொடக்கமே வகுப்பு அமைதியாகிவிடுகிறது, பின்னேரம் ரியூசனில் இன்னும் அமைதி. அந்த ஓட்டத்தை உங்களால் தனியே நிறுத்த முடியாது. ஆனால் தரம் 1 உம் 2 உம் உங்கள் கையில் இருக்கின்றன. அந்த இரண்டு வருடத்தையாவது விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். வரவு இடாப்பைப் பார்த்து ஒரு தனிக் கொப்பியில் பிள்ளைகளின் பெயர்களை எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாத ஏதாவதொன்றை எந்தப் பிள்ளை உங்களுக்குச் சொன்னதோ, அதன் பெயருக்கு நேரே அது சொன்னதை, சொன்ன சொல்லிலேயே குறித்து வையுங்கள். தவணை முடிவில் எந்தப் பெயர்களுக்கு நேரே வெறுமையாக இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த தவணையை அந்தப் பிள்ளைகளோடு தொடங்குங்கள்.